அறுபது தாண்டியவர்களுக்கு மட்டும்

— அம்பத்தேழுன்னு சொல்றேன்ல! அம்பத்தேழு!

— ஐயா, இங்க அறுபத்தொண்ணுன்னுதான்...

— கட்டின புருஷன் நான் சொல்றேன், உங்க கம்ப்யூட்டர் யாரு நடுவுல?

— என்னங்க, மெதுவாப் பேசுங்க. பஸ் ஸ்டாண்டுன்னு நெனச்சீங்களா? கிளினிக்குங்க இது. பக்கத்து பெஞ்சுல தூங்குற குழந்தை முழிச்சுக்கப் போகுது.

— நீ சும்மா இரு. சிஸ்டர், தனியார் பஸ்ல முப்பத்தெட்டு வருஷமா கண்டக்டரா இருக்கேன். டிக்கெட் இல்லாம ஒரு ஆளை ஏத்தினதில்ல. என் மாமியாரையே பாதி வழியில இறக்கி விட்டவன் நான்.

— கொட்டுற மழையில இறக்கி விட்டார் சிஸ்டர். ரெண்டு வருஷம் எங்கம்மா இவரோட பேசவே இல்ல.

— ரூல்னா ரூல். எலும்பு ஸ்கேன், அறுபது தாண்டின பெண்களுக்கு மட்டும்னு வாசல்ல நீங்களே ஒட்டியிருக்கீங்க. இவளுக்கு அம்பத்தேழு. நீங்க அனுப்பின கடிதம் தப்பா வந்திருக்கு. பேரை அடிச்சிடுங்க, நாங்க போயிட்டே இருக்கோம்.

— ஒரு நிமிஷம் ஐயா. பேரை அடிச்சா இன்னைக்கு ஸ்கேன் கிடையாது. ஸ்கேன் எடுக்குற வண்டி வருஷத்துக்கு ஒரு நாள்தான் நம்ம கிளினிக்குக்கு வரும். அதோ, ஜன்னல் வழியா பாருங்க, பின்னாடி நிக்குது.

— நிக்கட்டும். மூணு வருஷம் கழிச்சு அதே வண்டியில ஜம்முனு ஏறிப் படுத்துக்குவா.

— மூணு வருஷமா! ஜன்னல் கதவைத் தள்ளினதுக்கே எனக்கு மணிக்கட்டு உடைஞ்சுது. கட்டுப் பிரிச்சு இன்னும் ஒரு மாசம் ஆகல. எங்கம்மா எப்படிப் படுத்தாங்க, மறந்துட்டீங்களா? நாற்காலியில இருந்து எழுந்தாங்க, இடுப்பு எலும்பு விட்டுப் போச்சு. அப்புறம் கடைசி வரைக்கும் எழுந்திருக்கவே இல்ல.

— அவங்க வயசானவங்க. உனக்கு என்ன, சின்ன வயசு.

— சிஸ்டர், இவரைக் கொஞ்சம் உள்ள அனுப்பி எதையாவது பாருங்களேன். வந்ததுக்கு அதாவது நடக்கட்டும்.

— எனக்கு என்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன்.

— எதைம்மா பாக்கணும்? பிரஷர் பாக்கலாம், சர்க்கரை பாக்கலாம், கால் ஆணி எடுக்கலாம், காதுல அழுக்கு எடுக்கலாம், சிகரெட்டை விட நெனைக்கிறவங்களுக்கு ஆலோசனை கூட உண்டு...

— எல்லாத்தையும் பண்ணுங்க.

— ஏய், நான் என்ன சர்வீஸுக்கு விட்ட பஸ்ஸா?

— பஸ்ஸையாவது ஆறு மாசத்துக்கு ஒருதரம் யாராவது குனிஞ்சு பாக்குறாங்க. போங்க, அந்தக் காதையாவது சுத்தம் பண்ணிட்டு வாங்க. நான் கூப்பிடுறது நாலு வீடு தள்ளிக் கேக்குது, உங்களுக்கு மட்டும் கேக்க மாட்டேங்குது.

— இடது பக்கம் ரெண்டாவது அறைங்க ஐயா. எடை மெஷின் பக்கத்துல. கால் தடுக்கும், பாத்துப் போங்க.

— போறேன். நான் திரும்பி வர்றதுக்குள்ள பேரு அங்க இருக்கக் கூடாது. சொல்லிட்டேன்.

— ...போயிட்டாரா?

— கதவைச் சாத்திட்டாரும்மா.

— கிட்ட வாங்க சிஸ்டர். பேரை எடுத்துடாதீங்க. உங்க கம்ப்யூட்டர் சொல்றதுதான் சரி.

— அப்போ அறுபத்தொண்ணு?

— ஐயோ, சத்தம்! கை உடைஞ்சு வந்தப்ப அவர் வேலையில இருந்தார். அந்தத் தைரியத்துல பிறந்த தேதி போட்ட அட்டையைக் காட்டிட்டேன். வீட்டுக்குக் கடிதம் போடுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?

— ஏம்மா, சொந்தப் புருஷன்கிட்டயா வயசை மறைச்சீங்க?

— நானா மறைச்சேன்? கல்யாணப் பேச்சு நடந்தப்ப மாப்பிள்ளைக்கு இருபத்துமூணுன்னாங்க. எனக்கு இருபத்தஞ்சு. எங்கப்பா வாயில இருபத்தொண்ணுன்னு வந்துடுச்சு. வந்ததை அவரும் முழுங்கல, நானும் துப்பல. சிரிக்காதீங்க சிஸ்டர்! நாலு வயசை ஒளிச்சு வெக்கிறது லேசுப்பட்ட வேலைன்னா நெனச்சீங்க? பள்ளிக்கூடத்துல கூடப் படிச்சவ ஒருத்தியை வீட்டுக்குக் கூப்பிட முடியாது. "உனக்கு எத்தனை வயசுல கல்யாணம் நடந்துது"ன்னு யாராவது கேட்டா, மனசுக்குள்ள நாலைக் கழிச்சுட்டுத்தான் வாயைத் திறக்கணும். முப்பத்தாறு வருஷமாக் கழிச்சுக் கழிச்சு மூளையே தேஞ்சு போச்சு.

— சிரிக்கல, சிரிக்கல. சரி, இப்ப என்ன பண்ணலாம்?

— மெஷின்ல அறுபத்தொண்ணு போட்டுக்கங்க. காகிதத்துல மட்டும் அம்பத்தேழுன்னு அடிச்சுக் குடுத்துடுங்களேன். உங்க கையைப் பிடிச்சுக் கேக்குறேன்.

— அது முடியாதும்மா. உங்க வயசுக்காரங்க எலும்போட உங்க எலும்பை வெச்சுப் பாத்துத்தான் அது சொல்லும். காகிதத்துல முதல் வரியே வயசுதான் வரும்.

— போச்சு. கையில ஒரு காகிதம் கெடச்சா முன்னும் பின்னும் திருப்பிப் பாத்து ஓட்டை போடுற ஆளு அவரு.

— நீங்களே சொல்லிடுங்கம்மா. என்ன பண்ணிடுவார்?

— மாமியாரை இறக்கி விட்டவருக்கு பொண்டாட்டியை இறக்கி விட எவ்ளோ நேரமாகும்?

— அம்மா, கதவு திறக்குது.

— சிஸ்டர்! எதுக்கு இப்படிக் கத்துறீங்க?

— நான் மெதுவாத்தாங்க ஐயா பேசுறேன்.

— அப்படியா? அந்த ஃபேன் என்ன இந்தச் சத்தம் போடுது? அங்க ஒரு அம்மா கிண்ணத்தைக் காட்டினாங்க பாரு, என் காதுல இருந்து வந்ததாம். அதுல ஒரு செடி நடலாம். பிரஷர் நூத்தம்பதாம். எல்லாம் உங்க கடிதத்தால வந்தது. பேரை அடிச்சாச்சா?

— இல்லைங்க ஐயா.

— தெரியும். அதான் உள்ளயே கேட்டு ஃபாரம் வாங்கிட்டு வந்துட்டேன். 'பிறந்த தேதித் திருத்தம்'. அவ கையெழுத்து ஒண்ணு, என் கையெழுத்து ஒண்ணு. பேனாவைக் குடுங்க.

— போடாதீங்க.

— முதல்ல நான் போட்டுடுறேன், அப்புறம் நீ...

— போடாதீங்கன்னு சொல்றேன்ல. பொய்க் கையெழுத்தாப் போயிடும்.

— என்னது பொய்?

— எனக்கு அறுபத்தொண்ணு.

— ஐயா, உக்காருங்க. இந்த நாற்காலியில உக்காருங்க.

— என்னங்க? கேட்டுதா?

— கேட்டுது. இப்ப எல்லாம் கேக்குது.

— எங்கப்பா நாலைக் குறைச்சு சொல்லிட்டார். உங்களுக்கு அம்பத்தொன்பது, எனக்கு அறுபத்தொண்ணு. உங்களைவிட ரெண்டு வயசு மூத்தவ நான். எத்தனை தடவை சொல்ல வந்தேன் தெரியுமா? நீங்க டிக்கெட் கதையை எடுத்தாலே நான் பேச்சை மாத்திடுவேன். உங்க சித்தி பொண்ணை இத்தனை வருஷம் அக்கா அக்கான்னு கூப்பிட்டேனே, அவ என்னைவிட ஒன்றரை வயசு சின்னவ. அக்கான்னு கூப்பிட்ட பாவத்துக்கு என்கிட்ட எவ்ளோ வேலை வாங்கினா அவ!

— அம்மா, வண்டியில கூப்பிடுறாங்க. அடுத்தது நீங்கதான்.

— இருங்க சிஸ்டர், வந்துட்டேன். இங்க பாருங்க, எனக்கு எங்கம்மா மாதிரி படுக்க இஷ்டமில்ல. என் காலால நடந்து கடைக்குப் போகணும், உங்களோட சண்டை போட எழுந்து வரணும். கோபம்னா வீட்டுல வந்து எத்தனை நாள் வேணும்னாலும் கோவிச்சுக்கங்க. பேரை மட்டும் அடிக்காதீங்க.

— அம்மா, ரெண்டாவது தடவை கூப்பிட்டுட்டாங்க.

— வர்றேன், வர்றேன். எதுக்குங்க இப்ப அந்த ஃபாரத்தைக் கிழிக்கிறீங்க? திட்டுறதுன்னா திட்டிடுங்க. இப்படி மூஞ்சியைப் பாக்காம இருந்தா நான் எப்படி உள்ள போய்ப் படுப்பேன்? ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.

— சிஸ்டர், அறுபத்தஞ்சு முடிஞ்சவங்களுக்கு நிமோனியா ஊசி போடுறோம்னு என் பேருக்கும் ஒரு கடிதம் அனுப்பியிருந்தீங்க, பத்து நாளா சட்டைப்பையிலயே கிடக்கு. அதையும் இன்னைக்கே போட்டு விட்டுடுங்க.