போத்தலில் கரைந்த ஓடுகள்

வேலை தேடி நான் கிள்ளானுக்குப் போன ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். இளையவள் கழுத்தில் ஆய்வுக்கூட அட்டை தொங்கியது.

"கடல் தண்ணி புளிப்பாகுதுக்கா. அதுல மிதக்குற குட்டிப் பூச்சிங்களோட ஓடு கரையுதான்னு பாக்குறதுதான் எங்க வேலை," என்றாள் அவள்.

"கரையுதா?"

"இந்த மாசம் கடல்ல அள்ளுன போத்தல்ல ஒரு ஓடுகூட இல்ல. பாஸுக்கு ஒரே சந்தோஷம். கடல்தான் கரைச்சிடுச்சுன்னு கட்டுரை எழுதுறாரு."

"அப்புறம் ஏன்லா மூஞ்சி இப்படி?"

"பூச்சி கெடாம இருக்க ஊத்துற பார்மலினும் புளிப்புதான். அந்தப் புளிப்ப முறிக்க போராக்ஸ் கலந்து ஊத்தணும். மறந்துட்டேன்."

"சொல்லாத. காண்ட்ராக்ட் வேலை, போயிடும். கடல் வந்து கேக்கவா போகுது?"

பெட்டாலிங் ஜெயா தாண்டியதும் இளையவள் போனை எடுத்தாள்.

"பாஸ், அந்தப் போத்தலப் பத்தி எழுதாதீங்க. கரைச்சது நானாக்கூட இருக்கலாம்."