கச்சிராயபாளையத்தில் அழித்த குரல்கள்

எங்க ஊருல எல்லார்கிட்டயும் போன் இருக்கு சார், சிக்னல்தான் இல்ல. வெள்ளிமலையத் தாண்டி உள்ள போவணும். நான் ஜீப்பு ஓட்டறவன், தினம் கள்ளக்குறிச்சிக்கு ஆள் ஏத்திக்கினு எறங்கி ஏறுறவன். அதனால வூட்டுக்கு வர்ற சேதியெல்லாம் என் போனுக்குத்தான் வரும்.

என் சம்சாரம் எழில்மதி ஒரு நாவல் எழுதுனா. படிச்சவங்க கருத்து சொல்லட்டும்னு புக்கு போட்டவங்க கடைசிப் பக்கத்துல என் நம்பரப் போட்டுட்டாங்க. கதை இன்னான்னா, ஒரு பலாமரம். அதுல ஏறி விளையாடின பொண்ண மலைக்குக் கீழ, கீழ்நாட்டுல கட்டிக் குடுத்துடறாங்க. மரம் வேரப் புடுங்கிக்கினு பஸ் ஏறி அவளத் தேடிப் போவுது. பஸ் ஸ்டாண்டுல அவளப் பாக்குது, அவளுக்கு அடையாளம் தெரியல. மரம் அங்கயே நின்னு அவளுக்கு நெழல் குடுக்குது. அவ்ளோதான். இதுக்குப் போயி ஜனங்க மூக்கச் சிந்துச்சுங்க.

அந்த பஸ்ஸுல ஒரு கண்டக்டர் வருவான். பழத்துக்கு ஒரு டிக்கெட்டுன்னு மரத்தோட சண்டை போடுவான். சப்புச் சப்புன்னு சோறு திம்பான், தின்ன கைய சீட்டுல தொடைப்பான். அது யாருன்னு உங்களுக்கும் தெரியும். படிச்சிட்டுதான வந்திருக்கீங்க, நான் டீ குடிக்கறப்ப என் வாயவே பாத்தீங்களே.

கச்சிராயபாளையம் வந்தா சிக்னல் புடிக்கும். வாய்ஸா வந்து வுழும். சீட்டு ரொம்பற வரைக்கும் கேட்டுக்கினு இருப்பேன். "சிரிச்சிக்கினே படிச்சேன், கடைசில அழுதுட்டேங்க்கா"ன்னு ஒரு பொம்பள, பேச்சுக்கு நடுவுல மூக்க உறிஞ்சுவா. அந்தச் சளி என் காதுல ஒட்டிக்கினா மாதிரி இருக்கும், துண்டால தொடைச்சிப்பேன். ரிஷிவந்தியத்து வாத்தியார் ஒருத்தரு, "அந்தக் கண்டக்டர் உங்க வூட்டுக்காரர் சாயலாம்மா?"ன்னு கேட்டுட்டு கெக்கெக்கேன்னு சிரிக்கிறாரு. கொமட்டிக்கினு வந்துச்சு.

திட்டுனவங்களும் இருந்தாங்க. தியாகதுருகத்துல உரக்கடை வெச்சிருக்கறவரு, "மரம் பஸ் ஏறுதாம், டிக்கெட் எடுக்குதாம், மலைக்காரங்களக் கோமாளி ஆக்கறதும் ஒரு பொழப்பா"ன்னு காறித் துப்பாத கொறையாப் பேசினாரு. அதக் கேக்கறப்ப மட்டும் வயிறு பொரட்டல.

நல்லதாச் சொன்னத அங்கயே அழிச்சிடுவேன். திட்டுனத மட்டும் மேல கொண்டுபோவேன். நான் பொய் சொல்லல சார். ஒரு எழுத்து கூட்டல, கொறைக்கல. எல்லாம் அவங்கவங்க வாயால சொன்னது.

எழில்மதி சாமை பொடைச்சிக்கினே கேப்பா. மொதல்ல சிரிச்சா. "அவருக்குப் புடிக்கல போல, புடிச்சவங்க நாளைக்குச் சொல்லுவாங்க"ன்னா. ஒரு மாசம் போச்சு. "இத்தினி பேர்ல ஒருத்தருக்குக் கூடவாங்க புடிக்கல?"ன்னு கேட்டா. "நான் இன்னாத்தக் கண்டேன், நான் படிச்சவனா?"ன்னேன். அன்னிக்கு அவ சரியா சாப்பிடல. எனக்கு நல்லாப் பசிச்சுது.

அதுக்கப்பறம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சிது. ஒரு கொடம் தண்ணி தூக்கினா உக்காந்துடுவா, காலு வீங்கிக்கிச்சு. ஆஸ்பத்திரிக்கு வான்னு ஒருதரம் கூப்பிட்டேன். "கீழ வர மாட்டேங்க. அத்தினி பேரும் என் மூஞ்சியப் பாத்து சிரிப்பாங்க"ன்னா. சரின்னு வுட்டுட்டேன். பொண்டாட்டியக் கட்டாயப்படுத்தற ஆளு நான் கெடையாது.

ஒருநாளு, திட்டுனவங்களுக்கு ஒரு வார்த்த சொல்லணும்னு என் போன வாங்கிப் பேசினா. "உங்க மனசு நோவறா மாதிரி எழுதியிருந்தா மன்னிச்சிக்கோங்க, இனிமே எழுத மாட்டேன்." இதச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அஞ்சாறு தரம் நிறுத்தி மூச்சு வுட்டா. கீழ போனதும் அத எல்லாருக்கும் அனுப்பினேன். நல்லதாச் சொன்னவங்களுக்கும்தான். அவங்களும் கேக்கட்டுமேன்னு.

மறுநாளே கள்ளக்குறிச்சி டாக்டர் வளர்மதி பேசியிருந்தாங்க, அவங்களும் நாவலப் படிச்சி நல்லதாச் சொன்னவங்கதான். மூணு நிமிஷம். பதில் வரலன்னு அந்தம்மா மேல ஏறி வந்தப்ப பதினோரு நாள் ஆயிட்டுது, எழில்மதி பொணத்தக் காலையிலதான் எடுத்திருந்தோம். அவங்க குடுத்த புகார்லதான் என்ன இங்க உக்கார வெச்சிருக்கீங்க. மொத நிமிஷம் பூரா பலாமரத்துப் புராணம், கொமட்டிச்சு, பாதியிலயே அழிச்சிட்டேன்னு நேத்து உங்ககிட்ட சொன்னேன்.

அது நெசம் இல்ல சார். கடைசி வரைக்கும் கேட்டேன், ரெண்டு தரம். "இந்த மூச்சு சரியில்லம்மா, இதயத்துல கோளாறு இருக்கும்போல. உங்க வூட்டுக்காரரு ஜீப்புலயே இன்னிக்கே எறங்கி வாங்க, காப்பாத்திடலாம், லேட் பண்ணா உயிருக்கு ஆபத்து"ன்னாங்க. அப்பறம், "அந்தக் கண்டக்டரயும் நான் பாக்கணும்"னு சிரிச்சாங்க.

அழிச்சிட்டு வண்டி எடுத்தேன். மேல போனதும் எழில்மதி, "இன்னிக்கு ஏதாவது வந்துச்சா?"ன்னு கேட்டா. ஒண்ணும் வரலன்னேன். உயிருக்கு ஆபத்துன்னு ஒருத்தர் சொன்னத, நல்லா இருக்கற பொம்பள காதுல கொண்டுபோயி போடறதுக்கு எனக்கு மனசு வரல சார்.