இரண்டாவது சீட்

குடும்பத்துக்கு வாங்குவதென்றால் சின்ன ஹாட்ச்பேக்தான் சரி. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். நாலு கதவு, பின்னால் குழந்தை சீட் மாட்ட இடம், எந்தச் சந்திலும் நுழைத்து நிறுத்திவிடலாம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஆனால் குனிந்து ஏறி, முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். சீட்டும் இரண்டே இரண்டு.

இரண்டில் ஒன்றை வாங்கப்போகிறேன் என்று அத்தான் இரண்டையும் என் பட்டறைக்கு வரவழைத்தார். பழைய வண்டிகளைச் சோதித்து அறிக்கை கொடுப்பது என் வேலை. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். கரண்ட் ஆபீஸ் தாளோ ஆஸ்பத்திரிச் சீட்டோ, எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். நான் ஒரு வரியில் சொல்வேன். அவர்கள் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள்.

அக்கா சலவைக்கடையில் இஸ்திரி போட்டு என்னைப் படிக்கவைத்தவள். அவள் புருஷனை நான் முழுசாக நம்பியதேயில்லை. தச்சு வேலை பார்க்கிற மனிதர், திடீரென்று மீசைக்கு மை பூசினார். போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்தார். நான் உள்ளே வந்தால் அதைக் கவிழ்த்து வைத்தார். பெண்டாட்டி பிள்ளை உள்ளவர் இரண்டு சீட் வண்டிக்கு அலைகிறார் என்றால், அந்த இரண்டாவது சீட் யாருக்கு? நீங்களே சொல்லுங்கள்.

இரண்டையும் தூக்கி அடியில் பார்த்தேன். ஹாட்ச்பேக்கில் குறையென்று சொன்னால் ஒரு வைப்பர். ஸ்போர்ட்ஸ் காரில் பிரேக் குழாய்கள் துருவேறிப் பொரிந்து கிடந்தன; எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. சமதளத்தில் சில நாள் பிடிக்கும். மலை இறக்கத்தில் பிடிக்காது. அப்படியே எழுதினேன். ஓட்டத் தகுதியற்றது என்று போட்டு அடிக்கோடும் இட்டேன். எல்லாம் ஆங்கிலத்தில். அந்தத் தாள் உங்கள் மேஜையில்தானே இருக்கிறது, படித்துப் பாருங்கள். ஒரு சொல் பொய்யில்லை.

"என்னம்மா எழுதியிருக்க?" என்று அத்தான் கேட்டார்.

"பழசுதான், ஆனா கல்லு மாதிரி இருக்கு. தாராளமா எடுங்க."

"படிச்ச புள்ள சொன்னா அப்பீலே கிடையாது," என்று கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வண்டி என் வாசலில் வந்து நின்றது. இரண்டாவது சீட்டிலிருந்து அக்கா இறங்கினாள். குழந்தையை என் இடுப்பில் ஏற்றிவிட்டு, மலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வருகிறோம் என்றாள். ஆறு மாதமாக இரண்டு பேரும் போனில் பார்த்துப் பார்த்துப் பிடித்த வண்டியாம். அவளுக்கும் அதில் ஆசை என்று எனக்குத் தெரிந்தால் தலையில் அடித்துக்கொள்வேன் என்று அதை மட்டும் மறைத்தார்களாம்.

"காலம் பூரா இஸ்திரிப்பெட்டியோடயே போயிருமோன்னு நெனச்சேன்டி. ஒரே ஒரு தடவ ராணி மாதிரி போயிட்டு வரேன்."

அத்தான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை, நான் சொல்லியிருக்கலாம். ஆனால் என்னவென்று சொல்வது? தாளில் ஒன்று எழுதி வாயால் ஒன்று சொன்னேன் என்றா? அப்புறம் அந்த வீட்டில் என் பேச்சை யார் நம்புவார்கள்? "பெல்ட்ட போட்டுக்கோக்கா" என்று மட்டும் சொன்னேன்.

இறக்கத்தில் மூன்றாவது வளைவு என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எல்லாம் அக்காவுக்காகத்தான் செய்தேன். அவள் மட்டும் உயிரோடு இருந்திருந்தால், உங்களிடம் இதையேதான் சொல்லியிருப்பாள்.