மாமனாருக்குப் போன மெசேஜ்

செம்மேட்டிலிருந்து இறங்கிய பஸ்ஸில் டிரைவர், கண்டக்டர், மிளகு வியாபாரி பாய், வளப்பூர் நாட்டு விவசாயி ஒருவர், ஒவ்வொரு வளைவுக்கும் பயந்து கம்பியைப் பிடித்திருந்த நான், இவ்வளவு பேர்தான்.

“கம்ப்யூட்டரு என் மாமனாருக்கே பாக்கி கேட்டு மெசேஜ் அனுப்பிருச்சுங்க” என்றார் பாய்.

“அய்யய்யோ! ஊட்டுல சோறு போட்டாங்களா பாய்?” என்றார் விவசாயி.

“எங்க போட்டாங்க! கடைக்குப் புதுசா சாப்ட்வேர் வாங்கினேன். பாக்கி வெச்சவங்களுக்கெல்லாம் அதுவே அனுப்புதுங்க. மாமா அவரு கடைக்கு மிளகு எடுத்த பாக்கி. உறவே போச்சுன்னு பயந்துட்டேன்.”

“அப்புறமுங்க?”

“நேத்து அவரே வந்தாரு. ‘நீங்க ஒருநாளும் கேக்கலையே மாப்ள’ன்னு சிரிச்சுட்டுப் பாதியைக் குடுத்துட்டாருங்க.”

“நீங்க ஏன் கேக்கலை?”

“எனக்குக் கூச்சமுங்க. கம்ப்யூட்டருக்கு அது இல்ல.”

“மீதியை எப்பக் கேப்பீங்க?”

“நான் எதுக்குங்க? அதையும் அதுவே கேட்டுக்கட்டும். இன்னும் பதினெட்டாயிரம்.”