ரெட்டைப் பிள்ளைகளில் ஒருத்தி

மலாயாவின் பாலோவில் ரயில் ஏறினேன். எதிர் பெஞ்சில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியும், அதே தோட்டத்து மரங்களில் பால் வெட்டும் அஞ்சலையும் இருந்தார்கள். அவள் மடியில் ஒன்பது வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“இவளை எங்க கூட்டிட்டுப் போற?” என்றார் கிராணி.

“ஜொகூர் பாருல தங்கச்சி வீட்டுக்குங்க. பள்ளிக்கூடத்துல சேர்க்க.”

“படிப்பு ரத்தத்துல வரணும், அஞ்சலை. பால் வெட்டுறவங்க ரத்தத்துல அது ஏது?”

“இவ ரெட்டைப் பிள்ளையில ஒருத்திங்க. கூடப் பொறந்தவளைக் கைக்குழந்தையிலேயே தங்கச்சிக்குக் கொடுத்துட்டேன். இப்ப எனக்கு வர்ற கடுதாசியெல்லாம் அவ எழுதுறதுதான். நீங்கதானேய்யா படிச்சுச் சொல்றீங்க? அவளும் என் ரத்தம்தானே?”

கிராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ரெட்டைன்னா மூளையும் ஒண்ணாவா இருக்கும்? அவளுக்கு வந்தது இவளுக்கு வராமப் போகலாம்.”

“போகலாம்ங்க. ரெண்டு வருசமா இவ தோட்டத்துல புல்லுதான் பிடுங்குறா. இவ கையில யாரு புத்தகத்தைக் கொடுத்துப் பார்த்தாங்க?”

“தோட்டத்து மேனேஜர் தொரைகிட்ட சொல்லாம வந்திருக்க. உன் பேரை வெட்டிடுவாங்க, தெரியும்ல?”

“தெரியும்ங்க. வேற தோட்டத்துல போய்ப் பால் வெட்டிக்குவேன்.”

“இவ்வளவும் செஞ்சு, இவளுக்குப் படிப்பு வரலேன்னா?”

அஞ்சலை மகளின் தலையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“வரலேன்னா, அதை வாத்தியார் சொல்லட்டுங்க. நீங்க சொல்லி நான் கேக்க மாட்டேன்.”