யூ வராத கியூ

லவாலுக்குப் போகும் மெட்ரோவில் எனக்கு முன்னால் ஒரே யூனிபோர்மில் இரண்டு பெண்கள்.

"இங்கிலிஷில கியூவுக்குப் பிறகு யூ வராத சொல்லு முழுக்கப் பாடமாக்கிப்போட்டன்," என்றார் மூத்தவர்.

"ஏனக்கா?"

"வேலையில சாப்பாட்டு நேரம் மற்றவை ஸ்கிராபிள் எண்டு எழுத்து அடுக்கிச் சொல்லுக் கட்டி விளையாடுறவை. நேற்று நானும் இருந்து கியூ, ஏ, டீ அடுக்கி ‘காட்’ எண்டு ஒரு சொல்லு வைச்சன். டிக்சனரியில இருக்கு. எண்டாலும், கருத்துத் தெரியாமல் வைக்கிறாய் எண்டு சிரிச்சவை."

"உங்களுக்குத் தெரியாதோ?"

"நேற்றுத் தெரியாது. இண்டைக்குத் தெரியும். அது வெத்திலை மாதிரிச் சப்புற ஒரு இலை. தேவாரமும் முதல் பாடமாக்கி, பேந்துதானே கருத்துப் படிச்சனாங்கள்."

"இனி உங்களைக் கூப்பிடமாட்டினம்."

"கூப்பிடத் தேவையில்லை. நாளைக்கும் போய் இருப்பன். அவை வைக்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் நான் கருத்துக் கேப்பன்."