கம்பி தெரியாத துணி

கூரம் போகும் டவுன் பஸ் இன்னும் கிளம்பவில்லை. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், அக்காவும் தங்கையும். அக்காவின் மடியில் பேண்ட் துணி சாம்பிள் இரண்டு துண்டு.

"கம்பி தெரியாத துணியா குடுன்னா, கடைக்காரன் முழிக்கிறான்டி," என்றாள் அக்கா.

கேட்கக் கேட்கத்தான் விளங்கியது. அவர்கள் தம்பிக்கு ஆவணியில் கல்யாணம், ரிசப்ஷனுக்குக் கோட்டு சூட்டு. சின்ன வயதில் போலியோ வந்த வலது காலில் இரும்புக் கம்பி மாட்டி, தோல் பெல்ட்டால் இறுக்கித்தான் நடப்பானாம்.

அக்கா கனத்த துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "பட்டுன்னா கைய வெச்சதும் சொல்லிடுவேன். பேண்டு துணி ஒண்ணும் பிடிபட மாட்டேங்குது. ஆனா இது நல்லா கெட்டியா இருக்குது. கம்பியும் தெரியாது, பெல்ட்டும் தெரியாது. மேடையில எல்லாரும் அவன் காலையே பாத்துக்கினு இருக்கக் கூடாது."

"மெல்லிசு துணியே எடுத்துடலாம்க்கா."

"யாரு சொன்னது?"

"கல்யாணப் பொண்ணுதான். ரெண்டையும் போட்டோ எடுத்து அனுப்பினேன்."

"அதுகிட்ட ஏன்டி கேக்கறே?"

"கெட்டித் துணி வேணாம்னுதுக்கா. பெல்ட்டு இறுக்கற எடத்துல வேர்த்து வேர்த்து அவனுக்குப் புண்ணாவுதாம்."

அக்கா துண்டை மடியில் வைத்தாள். பஸ் கிளம்பிப் பெரிய காஞ்சிபுரத்தைத் தாண்டியது.

"ஸ்கூலுக்குப் போறப்ப தெனம் நான்தான்டி மாட்டி வுடுவேன். புண்ணுன்னு எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லியே."

"அதுகிட்ட சொல்லியிருக்கான்க்கா."